நுனிச்சிறகுகள்: பயணியர் வானூர்தி வகைகளும் இறக்கை நுனி வேறுபாடுகளும்

முன்னுரை

'விங்லெட்' என்பதை இக்கட்டுரை நுனிச்சிறகு என ஆள்கிறது. இறக்கை நுனியில் மேல்நோக்கி எழும் சிறுபகுதி என்று அதற்கு வரையறை கூறிவிடலாம். ஆயின் ஒரே வானூர்தியின் ஒரு வகையில் அது இருப்பதும் மற்றொரு வகையில் இல்லாதிருப்பதும் ஏன் என்பதை அவ்வரையறை விளக்காது. திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் வானூர்திப் பொறியியல் பயிலும் மாணவர்க்குத் தமிழில் பாடநூல் அமையுமாயின், தொடங்கவேண்டிய இடம் இக்கேள்வியே.

நுனிச்சுழலும் இழுவையும்

இறக்கையின் கீழே அழுத்தம் மிகுதி, மேலே குறைவு. எனவே காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. இச்சுழலால் விளையும் தூண்டு இழுவை, சீர்ப்பறப்பில் மொத்த இழுவையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. வேகம் குறைந்த மேலேற்றத்தில் அதனினும் மிகுதி.

நுனியில் தகடு பொருத்தும் எண்ணத்திற்கு லான்செஸ்டர் 1897இலேயே காப்புரிமை பெற்றார். தகடு தானே இழுவையைக் கூட்டியதால் பயன் சிறிது. 1970களில் நாசாவின் ரிச்சர்டு விட்கோம்ப் அதனை ஒரு சிற்றிறக்கையாகவே வடிவமைத்தார். பழவேற்காட்டு ஏரியில் பக்கக் காற்றிலும் பாய் படகை முன்செலுத்துவதுபோல, நுனியில் சாய்ந்து வரும் காற்றிலிருந்து அச்சிற்றிறக்கை சிறிது முன்னுந்தலைப் பெறுகிறது.

வகைதோறும் வேறுபாடு

இறக்கையைப் பக்கவாட்டில் நீட்டினாலும் இப்பயன் கிட்டும். தடை, நிறுத்துமிடத்தின் அகலம். ஏ320, போயிங் 737 போன்றவற்றிற்குரிய பிரிவில் இறக்கை அகலம் 36 மீட்டருக்குள் அடங்கவேண்டும். 1989இல் இந்தியன் ஏர்லைன்சு ஏற்ற ஏ320இன் நுனியில் மேலும் கீழும் நீண்ட சிறு வேலியே இருந்தது, அகலம் 34.1 மீட்டர். இன்றைய இண்டிகோவின் ஏ320 நியோவில் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயர நுனிச்சிறகு ('ஷார்க்லெட்') உண்டு, அகலம் 35.8 மீட்டர். எல்லையை மீறாமல் உயரத்தில் வளர்ந்த இறக்கை அது. ஏர் இந்தியாவின் போயிங் 787-8க்கு 65 மீட்டர் வரை இடமுண்டு. அதன் அகலமோ 60 மீட்டரே. ஆகவே அதன் நுனி மேலெழவில்லை, பின்சாய்ந்து நீள்கிறது.

இடம் ஒரு காரணமெனின் வழித்தொலைவு மற்றொன்று. ஏர் இந்தியா 1993இல் பெற்ற 747-400இல் நுனிச்சிறகு உண்டு. சப்பானின் உள்நாட்டுக் குறுவழிகளுக்கென உருவான 747-400டி வகையில் அது விடப்பட்டது. நுனிச்சிறகுக்கு எடையுண்டு, இறக்கையின் அடிப்பகுதியை வளைக்கும் விசையையும் அது கூட்டுகிறது. நெடும்பறப்பில் மிஞ்சும் எரிபொருள் அதனை ஈடுசெய்யும். குறும்பறப்பில் ஈடு அரிது. ஷார்க்லெட்டுக்கு உற்பத்தியாளர் கூறும் 4 விழுக்காடு வரையிலான சேமிப்பும் நெடுவழிக்குரியதே. திருச்சிராப்பள்ளி–சிங்கப்பூர் வழிக்குரிய கணக்கைச் சென்னை–பெங்களூரு வழிக்கு அப்படியே பொருத்துதல் பிழை.

கலைச்சொல் நோக்கில்

787இன் நுனியையும் நுனிச்சிறகு என்றழைப்பது பொருந்தாது, அது சாய்நுனி. பழைய ஏ320இனது நுனிவேலி. மூன்றையும் அடக்கும் பொதுப்பெயராக நுனியமைப்பு என்பதை ஆளலாம். ஏ320 என்னும் ஒரே பெயருக்குள் நுனிவேலியும் நுனிச்சிறகும் இருத்தலின், வானூர்தியின் பெயரோடு அதன் வகையையும் பாடநூல் சுட்டவேண்டும்.