ஒரு செய்திக்கு ஓர் இடம்

1976-ஆம் ஆண்டு மே மாதம், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி மக்கள் அப்புறப்படுத்தப்பட்டு, சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீடு மாறினால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு என ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றியாக வேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் காகிதங்கள் முரண்படும். குடியிருப்புக்குச் சான்று கேட்கும் இந்நகரில் அதனால் வரும் அலைச்சலை நாம் அறிவோம்.

கணிப்பொறியிலும் இதே தொல்லை உண்டு. இதற்கு வழி கண்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இவர், செய்திகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-இல் வெளியிட்டார். 1981-இல் டூரிங் விருது பெற்றார். அட்டவணைகளை ஒழுங்காகப் பிரிப்பதற்கு 'நார்மலைசேஷன்' என்று பெயர். பெயர்தான் பெரிது, பொருள் எளிது.

ஒரு சங்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரே நோட்டில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், முகவரி, வகுப்புகள், ஆசிரியர், ஆசிரியரின் தொலைபேசி எண் எல்லாம் வரிசையாக எழுதப்படுகின்றன. இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் வீடு மாறினால் மூன்று வரிகளைத் திருத்த வேண்டும். புதிய வகுப்புக்கு ஆசிரியர் கிடைத்தும் பிள்ளை சேராவிட்டால், அதை எழுத வரியே இல்லை. ஒரு வகுப்பின் கடைசிப் பிள்ளையின் பெயரை அடித்தால் ஆசிரியரின் பெயரும் சேர்ந்து போய்விடும்.

தீர்வுக்கு மூன்று படிகள்.

முதற்படி: ஒரு கட்டத்தில் ஒரே செய்தி. 'தமிழ், கணக்கு' என்று ஒரே கட்டத்தில் எழுதாமல், ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி வரி இடுவது.

இரண்டாம் படி: பிள்ளை எண்ணும் வகுப்பு எண்ணும் சேர்ந்தால்தான் ஒரு சேர்க்கை. சேர்ந்த தேதி இரண்டையும் பொறுத்தது. ஆகவே அது சேர்க்கை அட்டவணையில் இருக்கலாம். பிள்ளையின் பெயரோ பிள்ளையை மட்டும் பொறுத்தது. அது பிள்ளைகள் அட்டவணைக்குப் போக வேண்டும். வகுப்பின் பெயர் வகுப்பு அட்டவணைக்கு.

மூன்றாம் படி: தொலைபேசி எண் வகுப்பைப் பற்றியதன்று, ஆசிரியரைப் பற்றியது. ஆகவே ஆசிரியருக்குத் தனி அட்டவணை. வகுப்பு அட்டவணையில் ஆசிரியர் எண் மட்டும் போதும். அவ்வாறே முகவரி குடும்ப அட்டவணைக்கு. பிள்ளையின் வரியில் குடும்ப எண் மட்டும்.

இப்போது குடும்பம் வீடு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். முழு விவரமும் வேண்டும்போது, எண்களைக் கொண்டு கணிப்பொறி நொடியில் இணைத்துத் தரும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டணம் உயர்ந்தாலும் பழைய ரசீதில் உள்ள தொகை மாறக்கூடாது. 'இன்றைய கட்டணம்' வேறு, 'அன்று செலுத்திய தொகை' வேறு. இரண்டும் தனித்தனிச் செய்திகள்.

சீட்டுக் கணக்கோ, கடைக் கணக்கோ, கோயில் விழா வரவு செலவோ கணிப்பொறியில் ஏற்றும் அன்பர்கள், ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு இடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாரைப் பற்றிய, எதைப் பற்றிய செய்தி? விடை தெரிந்தால், அது எந்த அட்டவணையில் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.