நடுவழி எது?

நான் இருப்பது மதுரை, நண்பன் தென்காசி. "நீ வா", "இல்ல, நீ வா"ன்னு சொல்லியே சந்திப்பு தள்ளிப்போகும். பாதி வழியில் பார்க்கலாம்னு முடிவு செஞ்சோம். பாதி எது?

சாலைவழி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75, ராஜபாளையம் சுமார் 85. சரிபாதி இந்த ரெண்டு ஊருக்கும் நடுவே விழுது.

இதில் ஒரு வேடிக்கை. ரெண்டே பேர்னா, வழியில் எங்கே சந்தித்தாலும் இருவரும் வர்ற மொத்த தூரம் அதே 160தான். பங்கு மட்டுமே மாறும். அந்தப் பங்கை நேரத்தால் பிரிக்கணும். எனக்குத் திருமங்கலம் வரை நாலுவழிச் சாலை. அவனுக்குக் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரின்னு வரிசையா ஊருக்குள் புகுந்து வரணும். மெதுவா வர்றவர் பக்கம் புள்ளி நகரும். ஆக, ராஜபாளையம்.

சிவகாசி நண்பர் சேர்ந்தால் கணக்கு மாறும். அவர் இந்தச் சாலையைத் தொடுவது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கிருந்து தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளினால் ஒருவருக்குக் குறையும், இருவருக்குக் கூடும். வடக்கே தள்ளினாலும் அப்படியே. மொத்தம் குறைவது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான்.

ஆனாலும் ராஜபாளையத்தையே வச்சுக்கிட்டோம். தென்காசிக்காரன் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் சொல்லிட்டு வர்றான், இருட்டுறதுக்குள்ள திரும்பணும். எங்க ரெண்டு பேருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். போற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவங்க அம்மாவுக்குப் பால்கோவா வாங்கிக்கலாம்.