மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கும் டெஸ்ட்!

எங்கள் மயிலாடியில் விடிந்தால் உளிச் சத்தம்தான். சாமி சிலை, அம்மி, ஆட்டுக்கல் என்று கருங்கல்லோடு வாழும் ஊர். உளியோடு இப்போது கட்டிங் மெஷினும் சேர்ந்துகொண்டதால் தூசிக்குக் கேட்கவே வேண்டாம்.

"வைத்தியரே, பட்டறைக்குப் போனா நெஞ்சு முட்டுது, ராத்திரி விசில் சத்தம் கேக்குது. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க!" என்று வருகிறவர்கள் உண்டு. நாடி பிடித்தால் ஐயம் மிஞ்சியிருப்பது தெரியும். ஆனால் மூச்சுக்குழாய் எவ்வளவு சீக்கிரம் சுருங்கக்கூடியது என்பதை எண்ணாக அளந்து சொல்ல நாடியால் ஆகாது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நான் இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அளவைச் சொல்வதுதான் மெத்தகோலின் பரிசோதனை. மெத்தகோலின் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கும் மருந்து. சாதாரண ஆளின் குழாய் சிறிய அளவைச் சட்டை செய்யாது. ஆஸ்துமாக்காரரின் குழாய் உடனே சுருங்கும்.

முதலில் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. பிறகு மருந்தைப் புகைபோல உள்ளே இழுக்க வேண்டும். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்ப்பார்கள். முதலில் 3 லிட்டர் ஊதியவர் 2.4 லிட்டருக்கு இறங்கினால், அதாவது 20 சதவீதம் குறைந்தால், அத்துடன் நிறுத்தம். உடனே சால்பூட்டமால் கொடுத்துக் குழாயை விரித்துவிடுவார்கள். 2017-இல் வந்த வழிகாட்டுதல்படி, 400 மைக்ரோகிராமைத் தாண்டியும் குறையாவிட்டால் இயல்பு.

எல்லோருக்கும் இது தேவையில்லை. சாதாரண ஸ்பைரோமீட்டரிலேயே ஆஸ்துமா தெளிவாகத் தெரிந்துவிட்டால் எதற்கு வீண் சிரமம்? ஏற்கெனவே மூச்சு மிகவும் குறைந்தவர்கள், மூன்று மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

இங்கே எங்கள் ஊமத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பது பழைய வழக்கம். சென்னையில் இருந்த ஜெனரல் ஜென்ட் என்ற வெள்ளைக்காரர் 1802-இல் இதை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், மெத்தகோலின் வேலை செய்யும் அதே இடத்தை அடைத்துவிடும். அட்ரோபின் வழியில் வந்தவைதான் இன்றைய இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் இன்ஹேலர்கள். அதனால்தான் டையோட்ரோபியத்தை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சால்பூட்டமால் என்றால் 6 மணி நேரம் போதும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லட்டும்.

ஆடாதோடைக் கஷாயமோ சூரணமோ சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "இங்கிலீஷ் டாக்டர் திட்டுவாரு" என்று வாயை மூடிக்கொண்டால் டெஸ்ட்தான் தப்பாகும். (ஊமத்தை விஷம். இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லையில் இலை பறிக்கப் போகவேண்டாம்!)

பட்டறைக்காரர்களுக்கு முக்கியமான சங்கதி ஒன்று. "ஒரு மாசம் லீவு போட்டு உடம்பத் தேத்திட்டுப் போறேன்" என்று இருந்துவிடாதீர்கள். தூசியை விட்டு விலகியிருந்தால் மூச்சுக்குழாயின் வேகம் தணிந்து டெஸ்ட் 'நார்மல்' என்று வரலாம். 'நமக்கு ஒன்றுமில்லை' என்று மறுபடியும் மெஷினைப் பிடித்தால் பழைய கதைதான். பட்டறைக்குப் போய்வரும் நாட்களிலேயே செய்துகொள்வதுதான் சரி. வேலையில் இருக்கும்போதும் இயல்பு என்று வந்தால், தொழிலால் வந்த ஆஸ்துமா என்ற சந்தேகம் பெரும்பாலும் விலகும்.

ஆனால் அதோடு நுரையீரலுக்கே கேடில்லை என்று அர்த்தமில்லை. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸை இந்த டெஸ்ட் காட்டாது. அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எத்தனை வருஷமாகக் கல் கொத்துகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தகோலின் டெஸ்ட் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. போன் பண்ணிக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.