அம்பத்தூர்ச் சக்கரங்கள் – 6: ஹெர்குலிஸ் பந்தய அணி

ஹெர்குலிஸ் அணி, 1950-களின் முற்பாதியில் பிரிட்டனில் இயங்கிய சிறிய தொழில்முறை சைக்கிள் பந்தய அணி. சில ஆண்டுகளே நீடித்த இந்த அணியின் வீரர்கள் இருவர்தான், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை முழுமையாக ஓட்டி முடித்த முதல் பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் ஓடிய 1955-ஆம் ஆண்டில், அதே ஹெர்குலிஸ் பெயரைத் தாங்கிய சைக்கிள்கள் அம்பத்தூரிலும் தயாராகிக்கொண்டிருந்தன.

ஹெர்குலிஸ் நிறுவனத்தை எட்மண்ட் கிரேன் 1910-இல் பர்மிங்காமில் தொடங்கினார். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் உறுதியான சைக்கிள்களைப் பெருமளவில் தயாரிப்பது அதன் வழி. 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம் அதை வாங்கியது. இந்தக் குழுமமும் முருகப்பா குடும்பத்தாரும் கைகோத்து 1949-இல் நிறுவியதே அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். பிரிட்டிஷ் குழுமத்தின் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரை அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை இன்றும் தாங்கி நிற்கிறது. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டதும், சைக்கிளுக்கு எலும்பு போன்ற எஃகுக் குழாய்கள் பக்கத்து ஊரிலேயே உருவாகத் தொடங்கின.

சைக்கிள் தயாரிப்பில் முன்னணியில் இருந்த பிரிட்டன், சாலைப் பந்தயத்தில் பின்தங்கியிருந்தது. பொதுச்சாலையில் கூட்டமாக ஓட்டும் பந்தயங்களை அந்நாட்டு சைக்கிள் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தடை செய்துவிட்டது. வீரர்கள் விடியற்காலையில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிட்டனர். ஐரோப்பியப் பந்தயத்தின் இலக்கணம் வேறு. அங்கே முன்னால் செல்பவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டி வருபவர் சக்தியைச் சேமிப்பார். யார் யாருக்காக உழைப்பது, எந்த இடத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிவது என்பதெல்லாம் கூட்டத்துக்குள் ஓட்டித்தான் கற்க முடியும். 1942-இல் பெர்சி ஸ்டாலர்ட் தடையை மீறி லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டப் பந்தயம் நடத்திய பிறகே அந்தப் பாடம் பிரிட்டனில் தொடங்கியது.

இந்தப் புதிய தலைமுறையைச் சேர்ந்த டெரெக் பட்டில் என்ற வீரர் ஹெர்குலிஸ் நிறுவனத்தை அணுகி, ஓர் அணியை நடத்தச் சம்மதிக்கவைத்தார். விரைவோட்டத்தில் பெயர்பெற்ற டேவ் பெட்வெல் தொடக்கத்திலேயே சேர்ந்தார். பந்தயத்தின் விளம்பர மதிப்பு நிறுவனத்துக்குத் தெரியாததல்ல. அணியில் சேராமல் தனியே சாதனை ஓட்டங்கள் ஓட்ட ஐலீன் ஷெரிடன் என்ற பெண்ணை அது ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தது. ஐந்தடிக்கும் குறைந்த உயரம், ஒரு குழந்தைக்குத் தாய். 1954-இல் அவர் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ’ குரோட்ஸ் வரை, சுமார் 1,400 கிலோமீட்டரை 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்தார்.

1955-இல் நிறுவனத்தின் குறி டூர் டி பிரான்ஸ். அவ்வாண்டு தொடக்கத்தில் வீரர்கள் பிரான்சின் தென்கடற்கரையில் முகாமிட்டுப் பயிற்சி எடுத்தனர். ஐரோப்பியப் பந்தயங்களிலும் இறங்கினர். யார்க்‌ஷயரைச் சேர்ந்த பிரையன் ராபின்சன் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் எட்டாவதாகவும், பெல்ஜியத்தின் ஃபிளெஷ் வாலோன் பந்தயத்தில் நான்காவதாகவும் வந்தார். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதுவரை எட்டாத இடங்கள் அவை.

அக்காலத்தில் டூர் டி பிரான்ஸில் நாட்டு அணிகளும் வட்டார அணிகளுமே பங்கேற்றன. நிறுவன அணிகளுக்கு இடமில்லை. அதனால் ஹெர்குலிஸ் வீரர்கள் பிற நிறுவன வீரர்களோடு சேர்ந்து பத்துப் பேர் கொண்ட பிரிட்டன் அணியாக ஓடினர். ஜூலை 7 அன்று லெ ஆவ்ர் நகரில் 130 பேர் புறப்பட்டனர். 22 கட்டங்கள், ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியாளரின் நேரத்தைக் கொண்டு ஒரு காலவரம்பு கணக்கிடப்படும். அதற்குள் வராதவர் வெளியேற வேண்டும். வெயிலில் கொதித்த, 1,900 மீட்டர் உயர மோன் வாந்தூ மலை பல தேர்ந்த வீரர்களையே சாய்த்தது. பிரிட்டன் அணியில் எட்டுப் பேர் வழியிலேயே விலகினர்.

பாரிஸ் வந்து சேர்ந்த 69 பேரில் ராபின்சன் 29-ஆவது. இன்னொரு ஹெர்குலிஸ் வீரரான டோனி ஹோர் 69-ஆவது, அதாவது கடைசி. வெற்றி பெற்ற பிரெஞ்சு வீரர் லூயிசான் போபெயைவிட 6 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரால் பிரெஞ்சுக்காரர்கள் கடைசி வீரரை அழைப்பது வழக்கம். 61 பேர் கைவிட்ட பாதையில் மூன்று வாரமும் காலவரம்புக்குள் ஓட்டியவர் என்பதால் அந்த விளக்குக்கு அவர்களிடையே தனி மரியாதை உண்டு.

1955 முடிவில் நிறுவனம் பின்வாங்க, அணி கலைந்தது. ராபின்சன் ஐரோப்பாவிலேயே தங்கி ஓட்டினார். 1956 டூரில் 14-ஆவது இடம் பிடித்தார். 1958-இல் பிரெஸ்ட் நகரில் முடிந்த கட்டத்தை வென்று, டூரில் கட்ட வெற்றி பெற்ற முதல் பிரிட்டிஷ்காரரானார். அடுத்த ஆண்டு இன்னொரு கட்டத்தை 20 நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

அம்பத்தூர் ஹெர்குலிஸ் வேறு வேலைக்குப் பிறந்தது. பந்தய சைக்கிளுக்கு வளைந்த ஹேண்டில்பாரும் கியரும் மெல்லிய டயரும் வேண்டும். எடை குறையக் குறைய நல்லது. அம்பத்தூரின் கறுப்பு ரோட்ஸ்டருக்கோ மட்கார்டும் ஸ்டாண்டும், பால் கேனையும் அரிசி மூட்டையையும் தாங்கும் கேரியரும் வேண்டும். பந்தய சைக்கிளைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எடை அதற்குப் பலமே.

1960-இல் ராலே சைக்கிள் நிறுவனமும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு இணைந்தது. டூர் டி பிரான்ஸ் மீண்டும் நிறுவன அணிகளின் போட்டியான பிறகு, 1970-களில் அக்குழுமம் டி.ஐ.–ராலே என்ற அணியை நடத்தியது. பீட்டர் போஸ்ட் என்ற டச்சுக்காரர் மேலாளர். 1980-இல் யோப் சூட்டமெல்க் அந்த அணிக்காக டூர் டி பிரான்ஸையே வென்றார். கால் நூற்றாண்டுக்கு முன் ஹெர்குலிஸ் வீரர்கள் இருவர் ஓட்டி முடித்ததே பெரிதாயிருந்த பந்தயத்தில், அதே குழுமத்தின் அணி முதலிடம் பிடித்தது. அந்தச் சீருடையின் நெஞ்சில் இருந்த டி.ஐ. என்ற இரண்டு எழுத்துகளே அம்பத்தூர்த் தொழிற்சாலையின் பெயரிலும் இருந்தன.

(தொடரும்)