பத்து வாட் குரல்

சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்யப்படும் கைப்பேசி சில ஆண்டுகளில் பழசாகிவிடுகிறது. பழுதானால் பலரும் புதியது வாங்கிவிடுகிறோம். சொந்த விமானம் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. 1980களில் சந்தைக்கு வந்த பெண்டிக்ஸ் கிங் கேஎக்ஸ் 155 என்ற ரேடியோ, உலகெங்கும் பல சிறு விமானங்களில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கெட்டால் திறக்கிறார்கள், சரிசெய்கிறார்கள், மறுபடி மாட்டுகிறார்கள். இத்தனை வயதான மின்னணுப் பெட்டியை நம்பி எப்படி வானில் ஏறுகிறார்கள்?

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். அந்த ரேடியோ அனுப்பும் ஆற்றல் சுமார் 10 வாட். நம் வீட்டு எல்இடி பல்பு எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கேட்கும் திறனோ நம்ப முடியாத அளவுக்கு நுட்பமானது. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்கும் குறைவான சமிக்ஞை வந்தாலே போதும். அதிலிருந்து மனிதக் குரலைப் பிரித்தெடுத்துவிடும்.

இந்தக் குரல் பயணிப்பது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் அலைகளில். இவை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது. ஆகவே உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. 1,000 அடியில் பறந்தால் சுமார் 70 கிலோமீட்டர் வரை பேசலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து காஞ்சிபுரம் அதற்குள் அடங்கிவிடும். 10,000 அடிக்கு ஏறினால் எல்லை ஏறக்குறைய 225 கிலோமீட்டராகிறது. மயிலாடுதுறைக்கு மேலிருந்தே மீனம்பாக்கத்தை எட்டிவிடலாம்.

குரலை அலையில் ஏற்றும் முறையில் இன்னொரு சாமர்த்தியம். பண்பலை வானொலியின் எஃப்எம் முறையில் ஒலி துல்லியமாக வரும். விமானங்களோ பழைய மீடியம்வேவ் வானொலியின் ஏஎம் முறையை, அதாவது அலையின் வலிமையைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றும் முறையை, இன்றும் விடவில்லை. காரணம், எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும், மற்றது சுவடில்லாமல் மறைந்துவிடும். ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று கத்தும். இன்னொருவரும் கூப்பிடுகிறார் என்பது அந்தக் கீச்சொலியிலேயே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். குறையாகத் தோன்றும் ஒன்று இங்கே பாதுகாப்பு ஏற்பாடு.

இப்படிப்பட்ட பெட்டி விமானத்தில் ஏறுவதற்கு முன்பு படும் பாடு கொஞ்சமல்ல. ஆர்டிசிஏ என்ற அமெரிக்க அமைப்பு வகுத்த டிஓ-160 என்ற சோதனைத் தொகுப்பில் வெப்பம், குளிர், அதிர்வு, ஈரப்பதம், உப்பு மூடுபனி, மின்னல் எல்லாம் உண்டு. பூஞ்சை வித்துகளைத் தெளித்து, பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் சோதனையும் உண்டு. சென்னைக் கடற்காற்றில் நிற்கும் விமானத்துக்கு இவை வெறும் சடங்கல்ல.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்றும் இருக்கிறது: மின்காந்த இரைச்சல். ஒரு கருவி மற்றதைத் தொந்தரவு செய்யாமலும், மற்றதன் தொந்தரவுக்குத் தான் பலியாகாமலும் இருப்பதை மின்காந்த இணக்கம் என்கிறார்கள். ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி வாகன ஆராய்ச்சி மையத்தில் கார்களுக்கு இந்தச் சோதனை செய்ய ஆய்வகம் உண்டு. இத்தகைய ஆய்வகங்களின் சுவர்கள், மேலே படும் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிக்கொள்ளும்படி கட்டப்பட்டவை. விமானத்திலும் இதே சிக்கல்தான். மலிவான யூஎஸ்பி சார்ஜர் ஒன்றைச் செருகினாலே தூரத்துக் குரல் கரகரப்பில் மூழ்கிவிடலாம். சார்ஜரைப் பிடுங்கினால் ‘பழுது’ சரியாகிவிடும்!

அடுத்த எதிரி பெட்டிக்குள்ளேயே முளைப்பது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான நுகர்வோர் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை விதித்தது. ஈயம் நச்சு என்பதால் அது நியாயமான முடிவு. ஆனால் ஈயம் கலக்காத வெள்ளீயப் பூச்சுக்கு விசித்திரமான குணம் உண்டு: உள் அழுத்தத்தால் அதன் மேற்பரப்பிலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படிக இழைகள் தாமாகவே வளரும். இவற்றுக்கு வெள்ளீய மீசை என்று பெயர். சில மில்லிமீட்டர் நீண்டு பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். 1998-ல் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையானதற்கு இந்த மீசையே காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் விமானத் துறையில் பலர் ஈயம் கலந்த பழைய பற்றாசையே இன்னும் விரும்புகிறார்கள். பழைய செட்டைத் திறக்கும் டெக்னீஷியன், அதில் எந்தப் பற்றாசு என்று தெரிந்துகொண்டுதான் சால்டரிங் அயனைத் தொடுவார்.

ஆனால் அவர் எடுத்ததும் செட்டைத் திறந்துவிடுவதில்லை. பழுதுகளில் கணிசமானவை பெட்டிக்கு வெளியே இருப்பவை: ஆன்டெனாவின் அடியில் துரு, நைந்த கேபிள், லூஸ் காண்டாக்ட். ரேடியோ ஒரு தட்டுக்குள் செருகப்பட்டு, பெரும்பாலும் ஒற்றைத் திருகால் இழுத்துப் பூட்டப்படுகிறது. அது முழுதாக உள்ளே போகாவிட்டால் பின்னால் உள்ள முனைகள் சரியாகத் தொடாது. கழற்றி மறுபடி செருகினாலே சில செட்டுகள் உயிர்பெறும். ஒரே மாதிரி இரண்டு ரேடியோ இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெட்டியோடு நகர்ந்தால் குற்றவாளி பெட்டி. இருந்த இடத்திலேயே நின்றால் வயரிங்.

பெட்டிதான் என்று தெரிந்தால் அது பெஞ்சுக்குப் போகும். அனுப்பும் ஆற்றல், அலைவரிசைத் துல்லியம், கேட்கும் திறன் எல்லாம் அளக்கப்படும். விட்டுவிட்டு வரும் கோளாறுதான் பெரிய தலைவலி. அதை வெளியே வரவழைக்க ஒவ்வொரு பாகமாகக் குளிர் ஸ்ப்ரே அடிப்பார்கள், சூடான காற்று ஊதுவார்கள். பிறகு காகித வேலை. இந்தியாவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பணிமனை, சிஏ படிவம் 1 என்ற சான்றுடன் பாகத்தை விடுவிக்க வேண்டும். சான்று இல்லாத பாகம் கண்ணெதிரே வேலை செய்தாலும் விமானத்தில் ஏற முடியாது.

இத்தனைக்கும் பிறகு நடுவானில் கெட்டுப்போனால்? விமானி டிரான்ஸ்பாண்டர் என்ற அடையாளக் கருவியில் 7600 என்று திருப்பிவைப்பார். ரேடியோ போய்விட்டது என்று ராடார் திரைக்குத் தெரிந்துவிடும். விமான நிலையத்தை நெருங்கினால் கோபுரத்திலிருந்து விளக்கு பேசும்: தொடர் பச்சை என்றால் இறங்கலாம், தொடர் சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இறங்காதே. ஆக, நம்பகம் என்பது கெடாத பெட்டி அல்ல. கெடும் என்று எதிர்பார்த்து ஒவ்வொரு படியிலும் செய்துவைத்த மாற்று ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் விமானத்தின் உரிமையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. ‘ரேடியோ சரியில்லை’ என்று எழுதிக்கொடுத்தால் டெக்னீஷியன் எல்லாவற்றையும் தேட வேண்டும். ‘தரையில் நன்றாக இருக்கிறது, இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது மட்டும் குரல் மங்குகிறது’ என்று எழுதினால் அவர் பெட்டியைத் தொடவே மாட்டார். திரும்பும்போது விமானத்தின் உடலே ஆன்டெனாவை மறைக்கிறதா என்று பார்க்க ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.