உபாத்தியாயருக்கு முதல் அனுமதி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாமின் பெயரால் விளங்கும் அறிவியல் மையமும் கோளரங்கமும், உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள், அரை நாளில் போய்வரக்கூடிய அண்மையில் அமைந்திருப்பது இப்பகுதிக் குழந்தைகளின் பாக்கியம். கூட்டமாக வரும் மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பது நம் நாட்டு அறிவியல் காட்சிசாலைகளில் பொதுவாகக் காணும் வழக்கம். அதனினும் மிக்க பிரயோஜனம் தரக்கூடியது, மாணவர்களை அழைத்து வருவதற்கு முன்பே உபாத்தியாயர் தனியே வந்து, கட்டணமின்றி, நிதானமாகப் பார்த்துச் செல்ல அளிக்கும் அனுமதியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 1851-இல் பாரிஸ் நகரத்துப் பாந்தியோன் மண்டபத்தில், 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு, அது ஊசலாடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதைக் கொண்டு, பூமி தன்னைத்தானே சுற்றுவதை லியோன் ஃபூக்கோ ஜனங்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டினார். அவ்வகை ஊசல் இன்று உலகின் பல காட்சிசாலைகளில் ஆடிக்கொண்டிருக்கிறது. பாரிஸில் ஏறக்குறைய 32 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பும் அத்திசை, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 பாகையில் உள்ள புதுச்சேரியில் அவ்வாறு திரும்பக் கிட்டத்தட்ட ஐந்து நாள் ஆகும். பூமத்திய ரேகையிலோ திரும்புவதே இல்லை. நம் ஊரில் அத்தகைய ஊசலின் முன் பத்து நிமிஷம் நிற்கும் குழந்தைக்கு அரைப் பாகைத் திருப்பமே கிட்டுமாதலால், எதைக் கவனிக்க வேண்டும், ஏன் இத்தனை மந்தம் என்பவற்றை முன்பே சிந்தித்து வந்த ஆசிரியர் அருகில் இல்லாவிடில், உலகின் சுழற்சியைச் சொல்லும் அந்தக் கருவி வெறும் இரும்புக் குண்டாகவே தோன்றும்.

ஆசிரியருக்கு இத்தகைய அனுமதி அளிப்பது புதிதன்று; பிரான்ஸ் தேசத்தில் 2009 முதல் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி அனுமதி அட்டை வழங்கி, தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை இலவசமாகக் காண வழி செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும், 1962-இல் நேரு திறந்துவைத்த பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பக் காட்சிசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடத்திவருகிறது.

மாணவர்களை அழைத்துச் செல்லும் சுற்றுலாவுக்கு முன்பே ஆசிரியர் பள்ளியின் கடிதத்துடன் சென்று, கோளரங்கக் காட்சியின் நேரம், குழுக் கட்டணம், ஆசிரியர்களுக்குரிய சலுகை ஆகியவற்றை விசாரித்தறிந்து, தம் பாடத்துக்கு இசைந்த மூன்று நான்கு காட்சிகளை மட்டும் தேர்ந்து, அவற்றுக்குரிய கேள்விகளை மாணவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுதல் உத்தமம். ஓர் ஆசிரியரிடம் வாங்காமல் விடும் சிறு கட்டணம், ஆண்டுதோறும் அவர் வகுப்பில் வந்தமரும் குழந்தைகள் அனைவருக்கும் ஞானமாகப் பெருகுமாதலால், அந்த அனுமதி எல்லாக் காட்சிசாலைகளிலும் நிலையான விதியாதல் வேண்டும்.