வரப்பிலேயே இருக்குது தேநீர்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் என் மேசைக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ வரும். ஓய்வு பெற்று, திருநள்ளாறு பக்கம் எங்கள் நிலத்தில் இறங்கிய பிறகுதான் அதற்குக் கணக்குப் போட்டேன். ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, அதாவது 10 கிராம். நாளுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம்! அதற்குள் சர்க்கரை நோயும் வந்து சேர்ந்துவிட்டது.

மாற்று எங்கே இருந்தது தெரியுமா? வரப்பில். நம்ம காரைக்கால் கடைமடையில் ஐப்பசி மழை விழுந்தால் போதும், வரப்பெல்லாம் கரிசலாங்கண்ணி. வேலியில் தூதுவளை, முசுமுசுக்கை. இதையெல்லாம் களைன்னு சொல்லி மருந்தடித்துக் கொல்கிறோம். அப்புறம் அதே இலைப் பொடியைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இது புதுசு இல்லை. வடலூர் வள்ளலார் 19ஆம் நூற்றாண்டிலேயே கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த பானத்தைக் காலையில் குடிக்கச் சொன்னார். அவர் சொன்னது மஞ்சள் பூ கரிசலாங்கண்ணி. நம்ம வரப்பில் தானாக வருவது வெள்ளைப் பூ. சித்த மருத்துவத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. மஞ்சளுக்கு ஒரு தண்டை ஒடித்துக் கிணற்றடி ஈரத்தில் ஊன்றினால் போதும், படர்ந்துவிடும்.

பொடி செய்யும் முறை

இலையைப் பறித்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். தூதுவளையில் முள்ளை எடுத்துவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். காற்றோட்டமான நிழலில், துணியில் மெல்லியதாகப் பரப்புங்கள். கையில் நொறுங்கும் வரை காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். அடைமழையில் இது நடக்காது. தை, மாசிதான் தோது.

கரிசலாங்கண்ணிப் பொடி 4 பங்கு, மற்ற இரண்டும் வறுத்த சீரகமும் ஒவ்வொரு பங்கு. கலந்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பொடி போட்டு, முக்கால் டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டிக் குடிக்கலாம். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். என்னைப் போன்றவர்கள் அது இல்லாமலே பழகிக்கொள்ள வேண்டும்.

பலனும் எச்சரிக்கையும்

கரிசலாங்கண்ணி ஈரலுக்கு, தூதுவளையும் முசுமுசுக்கையும் சளி இருமலுக்கு, சீரகம் செரிமானத்துக்கு என்பது சித்த மருத்துவ வழக்கு. என் அனுபவத்தில் பெரிய பலன், அந்த ஆறு டீயும் சர்க்கரையும் போனதுதான்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூலிகைத் தேநீர் இருக்கே என்று இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தினேன். பரிசோதித்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 260. மருத்துவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். மாத்திரையை மறுபடி தொடங்கி, அவர் சம்மதத்தோடுதான் இப்போது தேநீர் குடிக்கிறேன். இது பானம், மாத்திரைக்கு மாற்று இல்லை. கர்ப்பிணிகளும் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுக் குடியுங்கள். இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பவர்கள் கவனம்: தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

கடைசியாக ஒன்று. களைக்கொல்லி அடித்த வரப்பு, சாலையோரம், சாக்கடை ஓரம், இங்கெல்லாம் பறிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மருந்தடிக்காத வரப்பு ஒன்றாவது நம்மிடம் இருக்கணும். அதுதான் இந்தத் தேநீருக்கு முதல் பொருள்.